மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முன்னாள் படைவீரர்: முதல் முப்பது நாள்களில் துணை நிற்பவர்களுக்கு

1971 போரின்போது இருபது வயதில் இருந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். 1987 முதல் 1990 வரை அமைதிப்படையில் இலங்கைக்குச் சென்று வந்தவர்களும், 1999-இல் கார்கில் மலைகளில் நின்றவர்களில் மூத்தவர்களும் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர்கள் உண்டு. வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அத்தகைய ஊர்களின் மூத்தவர்கள் இப்போது மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் இடுப்பெலும்பு முறிவுக்கும் மருத்துவமனையில் படுத்து எழுந்து வீடு திரும்புகிறார்கள். அப்படித் திரும்பியவருக்கு முதன்முறையாகத் துணை நிற்கப்போகும் மகன், மகள், மருமகள், பக்கத்து வீட்டுக்காரர், முன்னாள் படைவீரர் சங்கத் தொண்டர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன்.

நான் ஒரு ஹவில்தாரின் மகள். அப்பா பைபாஸ் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தபோது எல்லாவற்றையும் நானே செய்தேன். மாத்திரையைப் பிரித்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். மருத்துவரிடம் நானே பேசினேன். எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாவற்றையும் என் கைப்பேசியில் குறித்துக்கொண்டேன். மூன்று வாரம் கழித்து விடுப்பு முடிந்து நான் கிளம்பியதும், தான் சாப்பிடும் எட்டு மாத்திரைகளில் எது எதற்கு என்று தெரியாத நிலையில் அவர் தனியாக நின்றார். ஒரு கல்யாணத்துக்குப் பேருந்தில் போகவேண்டியிருந்ததால், வழியில் அடிக்கடி சிறுநீர் வருமே என்று நீர் பிரியும் மாத்திரையை நான்கு நாள் நிறுத்திவிட்டார். ஐந்தாம் நாள் கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, மறுபடியும் மருத்துவமனையில் சேர்க்கவேண்டியதாயிற்று. பதினேழு ஆண்டுகள் தன் துப்பாக்கியைத் தானே கழற்றித் துடைத்துப் பூட்டிய மனிதரிடமிருந்து அவர் உடம்பின் பொறுப்பை நான் பிடுங்கி வைத்துக்கொண்டேன் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

ஆகவே இந்த வழிகாட்டியில் திரும்பத் திரும்ப வருவது ஒன்றுதான்: நீங்கள் செய்யாதீர்கள், அவரைச் செய்யவிட்டு அருகில் இருங்கள். இதற்கு ஆய்வின் ஆதாரமும் உண்டு. அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் முதியோர் மருத்துவர் எரிக் கோல்மன், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய 750 முதியவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் பயிற்சியாளர் ஒருவரைத் துணைக்கு வைத்தார். அந்தப் பயிற்சியாளர் ஊசி போடவில்லை, கட்டு மாற்றவில்லை. ஒருமுறை வீட்டுக்குப் போய்ப் பார்த்து, பின் சில முறை தொலைபேசியில் பேசி, தம் மருந்தைத் தாமே நிர்வகிக்கவும், தம் மருத்துவக் குறிப்பைத் தாமே வைத்துக்கொள்ளவும், மறுபரிசோதனைக்குத் தாமே ஏற்பாடு செய்யவும், அபாய அறிகுறியைத் தாமே கண்டுகொள்ளவும் அவர்களைப் பழக்கினார். 2006-இல் வெளியான முடிவின்படி, முப்பது நாளுக்குள் மறுபடி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் மற்றப் பிரிவில் நூற்றுக்கு 11.9 பேர், பயிற்சியாளர் துணையிருந்த பிரிவில் 8.3 பேர்.

வீட்டுக்குக் கிளம்பும் முன்

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். முன்னாள் படைவீரரிடம் ‘டிஸ்சார்ஜ் பேப்பர் எங்கே’ என்று கேட்டால், அவர் பீரோவைத் திறந்து, பட்டாளத்திலிருந்து விடுவிக்கப்பட்டபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தைத்தான் எடுத்து வருவார். மருத்துவமனை தரும் தாளை ‘ஆஸ்பத்திரி சம்மரி’ என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள்.

அந்தத் தாளைக் கையில் வாங்கியவுடன் பில் கட்டும் வரிசைக்கு ஓடாமல், பணி மருத்துவரையோ செவிலியரையோ நிறுத்தி, நோயாளியையே கேட்கச் சொல்லுங்கள். கேட்கவேண்டியவை அதிகமில்லை. எனக்கு என்ன வந்தது, என்ன செய்தீர்கள்? முன்பு சாப்பிட்ட மருந்துகளில் எவற்றை நிறுத்திவிட்டீர்கள், எவற்றின் அளவை மாற்றினீர்கள், எவை புதியவை? இன்னும் முடிவு வராத பரிசோதனை ஏதாவது உண்டா, அதை யார் எப்போது சொல்வார்கள்? தையல் என்று பிரிக்கவேண்டும்? இரவில் ஏதாவது என்றால் எந்த எண்ணுக்குப் பேசவேண்டும்? இரண்டாவது கேள்வியை மட்டும் ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். சம்மரியில் புதிய மருந்துகளின் பட்டியல் இருக்கும். பழையவற்றை என்ன செய்வது என்பது பெரும்பாலும் இருக்காது.

மருந்தின் எதிரே 1-0-1 என்றிருந்தால் காலையும் இரவும், 0-0-1 என்றிருந்தால் இரவு மட்டும், எஸ்.ஓ.எஸ். என்றிருந்தால் தேவைப்படும்போது மட்டும் என்று பொருள். தெரிந்ததுதானே என்று விட்டுவிடாமல் அவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருப்பார் என்பதுகூட அப்போதுதான் தெரியும்.

மாத்திரைகளை ஒரே இடத்தில் பரப்புதல்

வீடு திரும்பிய மறுநாளே செய்யவேண்டிய வேலை இது. வீட்டில் உள்ள அத்தனை மருந்தையும் கொண்டுவந்து பாயில் பரப்பச் சொல்லுங்கள். குளிர்பெட்டியில் இருப்பது, சாமி மாடத்தில் இருப்பது, சட்டைப்பையில் இருப்பது, பழைய பச்சை டிரங்குப் பெட்டியில் இருப்பது, மனைவியின் மருந்து டப்பாவில் கலந்து கிடப்பது என எதையும் விடக்கூடாது. தைலம், லேகியம், சித்த மருந்துச் சூரணம், மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் தானே வாங்கிய மாத்திரை ஆகியவையும் இதில் சேர்த்தி.

முன்னாள் படைவீரர் வீட்டில் மருந்து மூன்று வழியாக வந்து சேர்கிறது. மருத்துவமனை தருவது பெரும்பாலும் கம்பெனிப் பெயரில் இருக்கும். முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். நடத்தும் பாலிகிளினிக் என்ற மருத்துவ மையம் தருவது மருந்தின் மூலப்பெயரில், வேறு நிற அட்டையில் இருக்கும். அவசரத்துக்குத் தெருமுனைக் கடையில் வாங்கியது மூன்றாவது. ஒரே மருந்து மூன்று பெயரில், மூன்று நிறத்தில் ஒரே வீட்டில் கிடக்கும்.

எழுபத்திரண்டு வயதான ஓய்வுபெற்ற நாயக் ஒருவர் வீட்டில் கண்டதைச் சொல்கிறேன். மருத்துவமனையிலிருந்து திரும்பிய நான்காம் நாள் விடியற்காலையில், எழுந்து நின்றவர் கண் இருட்டிக் கதவு நிலையில் மோதி விழுந்திருந்தார். நெற்றியில் பிளாஸ்திரி. அவரும் நானும் பாயில் அட்டைகளைப் பரப்பி, அவரிடம் ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுத்து, பெரிய எழுத்தை விட்டுவிட்டு அதன் கீழுள்ள சின்ன எழுத்தைப் படிக்கச் சொன்னேன். ஒரு அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தார்: டெல்மிசார்டன், 40 மில்லிகிராம். ஓரமாக வைத்தார். இரண்டு அட்டை தள்ளி இன்னொன்றை எடுத்துப் படித்தார்: டெல்மிசார்டன், 40 மில்லிகிராம். கொஞ்ச நேரம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்று மருத்துவமனை தந்தது, மற்றது பாலிகிளினிக்கில் முன்பே வாங்கி வைத்திருந்தது. நான்கு நாளாக இரத்த அழுத்த மாத்திரையை இரட்டிப்பாகச் சாப்பிட்டிருக்கிறார். நானே அதைக் கண்டுபிடித்துச் சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டு மறந்திருப்பார். தன் கண்ணால் கண்டதால், அதன்பின் எந்தப் புதிய அட்டை வந்தாலும் சின்ன எழுத்தைப் படிக்காமல் பெட்டியில் போடுவதில்லை.

பரப்பியதை மூன்று குவியலாகப் பிரியுங்கள்: சம்மரியில் இருப்பவை, சம்மரியில் இல்லாத பழையவை, காலாவதியானவை. இரண்டாவது குவியலை நீங்கள் முடிவு செய்யக்கூடாது. அதை ஒரு பையில் போட்டு, பாலிகிளினிக் மருத்துவரிடம் அவரே கொண்டுபோய்க் காட்டி, எதை விடுவது எதைத் தொடர்வது என்று எழுதி வாங்கவேண்டும். அதுவரை காத்திருக்க முடியாத ஐயம் என்றால், சம்மரியில் உள்ள எண்ணுக்கு அன்றே பேசவேண்டும்.

சில மருந்துகளைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவருக்கு ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் போன்ற இரண்டு மருந்துகள் சேர்த்துத் தரப்படும். பல் பிடுங்கப் போகிறேன், வயிறு எரிகிறது என்று இதய மருத்துவரைக் கேட்காமல் அவற்றை ஒருநாள்கூட நிறுத்தக்கூடாது. ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. இரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம், வார்ஃபரின் வகை மாத்திரை சாப்பிடுபவர்கள் ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனையைச் சொன்ன தேதியில் செய்தாகவேண்டும். மூட்டுவலிக்குக் கடையில் கேட்டவுடன் கிடைக்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இதயம் பலவீனமானவருக்கு உடம்பில் நீரைத் தேக்கும். பழைய முழங்கால் அடிக்கு இருபது வருடமாகப் போட்டுக்கொண்ட மாத்திரை இதுவாகவே இருக்கும். பெயரைக் கேட்டுப் பாருங்கள்.

சம்மரியில் உள்ள மாத்திரைகளை ஏழுநாள் டப்பாவில் வாரம் ஒருமுறை அவரே நிரப்பட்டும். நீங்கள் எதிரே உட்கார்ந்து பாருங்கள். தவறாகப் போட்டாலும் உடனே கையை நீட்டாதீர்கள். முடித்தபின், ‘செவ்வாய்க்கிழமை ராத்திரி அறையை மட்டும் இன்னொருமுறை பாருங்களேன்’ என்றால் போதும்.

நோட்டுப் புத்தகம்

நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள். கைப்பேசிச் செயலி வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் அது கடைசியில் பேரனின் வேலையாகிவிடும். முதல் பக்கத்தில் பெயர், வயது, நோய்கள், ஒவ்வாத மருந்து, இ.சி.எச்.எஸ். அட்டை எண், பாலிகிளினிக்கின் தொலைபேசி எண். இரண்டாம் பக்கத்தில் மருந்துப் பட்டியல்: பெயர், எதற்காக, எந்த வேளை, எதுவரை. மூன்றாம் பக்கத்திலிருந்து அன்றாடக் குறிப்பு.

காவல் மாற்றும்போது நடந்ததையெல்லாம் குறித்து வைத்துப் பழகியவர்கள் இவர்கள். என் அப்பாவின் நோட்டில் ஒரு நாள் இப்படி இருக்கிறது: ‘0600. எடை 61.2. பி.பி. 128/76. காலில் வீக்கம் இல்லை. 0630 நடை, 15 நிமிடம். 0800 மாத்திரை ஐந்து. 1400 தூக்கம். 2000 மாத்திரை மூன்று. இரவு இரண்டு முறை எழுந்தேன்.’ அந்தப் பக்கத்தை மறுபரிசோதனையில் பார்த்த மருத்துவர் தம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அதுவரை என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவர், அவரைப் பார்த்துப் பேசத் தொடங்கினார்.

எழுதப் படிக்கச் சிரமப்படுபவரானால் அவர் சொல்ல மனைவி எழுதட்டும். சொல்வது அவராக இருக்கவேண்டும்.

‘புரிந்ததா?’ என்று கேட்கக்கூடாது

பட்டாளத்தில் இருந்தவரிடம் ‘புரிந்ததா’ என்று கேட்டால் ‘புரிந்தது சார்’ என்றுதான் பதில் வரும். அது பதிலல்ல, பழக்கம். மேலதிகாரி ஒன்றைச் சொன்னால் இரண்டாம் முறை கேட்பது இழுக்கு என்று இளவயதில் ஊறிப்போனது, எழுபது வயதில் வெள்ளைக் கோட்டைக் கண்டாலும் தலைதூக்குகிறது. எனவே, ‘நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்கவேண்டும், வீட்டில் அம்மா கேட்டால் நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்?’ என்று கேளுங்கள். அவர் தம் வாயால் திருப்பிச் சொன்னால்தான் போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு.

வலியும் அப்படித்தான். ‘வலிக்கிறதா’ என்றால் ‘ஒன்றுமில்லை’ என்பார். ‘நேற்று ராத்திரி எத்தனை தடவை எழுந்தீர்கள், மாடிப்படியில் எந்தப் படியில் நின்றீர்கள், எத்தனை தலையணை வைத்துப் படுத்தீர்கள்’ என்று கேட்டால் உண்மை வெளிவரும். நேற்றுவரை ஒரு தலையணையில் படுத்தவர் இன்று மூன்று வைத்துக்கொண்டால், படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று பொருள்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. பீரங்கிப் படையிலும் காலாட்படையிலும் இருந்தவர்களில் பலருக்குக் காது மந்தம். வெடிச்சத்தம் முதலில் கெடுப்பது மெல்லிய, உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறனை. பெண்களின் குரலும் குழந்தைகளின் குரலும் அவருக்குக் கடினம். கேட்காததைக் கேட்டதுபோல் தலையாட்டுவார். மின்விசிறியைக் குறைத்து, தொலைக்காட்சியை அணைத்து, முகத்துக்கு நேரே உட்கார்ந்து, கத்தாமல் நிதானமாகப் பேசுங்கள். மருத்துவரிடமும் போனவுடன் ‘ஐயாவுக்கு இடது காது கேட்காது’ என்று சொல்லிவிடுங்கள்.

அபாய அறிகுறிகள்

எல்லா நோய்க்குமான நீண்ட பட்டியல் யாருக்கும் நினைவிருக்காது. அவர் நோய்க்கு உரிய மூன்று நான்கு அறிகுறிகளை மட்டும், எது வந்தால் பாலிகிளினிக்குக்குப் பேசவேண்டும், எது வந்தால் உடனே 108-ஐ அழைக்கவேண்டும் என்று இரண்டு பகுதியாக்கி, நோட்டின் பின்னட்டையில் பெரிய எழுத்தில் அவர் கையாலேயே எழுதவையுங்கள்.

இதயம் பலவீனமானவர் தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன், ஒரே மாதிரி உடையில் எடை பார்க்கவேண்டும். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது சதையல்ல, நீர். கால் வீங்கும்வரை காத்திராமல் அன்றே மருத்துவரிடம் பேசவேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, வற்றல் ஆகியவற்றில் மறைந்திருக்கும் உப்பையும் கணக்கில் சேர்க்கவேண்டும். கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்கு மறுநாள் எடை ஏறுவதை அவரே நோட்டில் பார்த்துவிட்டால், அதற்குப்பின் நீங்கள் உப்பைப் பற்றிப் பேசவே வேண்டியிருக்காது.

சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவருக்கு ஏறுவதைவிட இறங்குவது உடனடி ஆபத்து. வியர்வை, படபடப்பு, கை நடுக்கம், காரணமில்லாத கோபம், பேச்சுக் குழறல் வந்தால் குளுக்கோமீட்டரில் பார்க்கவேண்டும். 70-க்குக் கீழிருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறியபின் ஏதாவது சாப்பிடவேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 108-ஐ அழைக்கவேண்டும். மருத்துவமனையிலிருந்து வந்த புதிதில் சாப்பாடு பாதியாகக் குறைந்திருக்கும், மருந்தின் அளவோ குறைந்திருக்காது. இறங்குவது பெரும்பாலும் அதனால்தான்.

முகம் ஒருபக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் தொங்கினால், பேச்சுக் குழறினால், எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துக்கொண்டு உடனே பக்கவாத சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போகவேண்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டும். படுத்துத் தூங்கினால் சரியாகிவிடும் என்று விடியும்வரை காத்திருந்து அந்த நேரத்தை இழந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். நெஞ்சுவலி, நின்றவாக்கில் மயக்கம், கறுப்பாக மலம் போவது, திடீரென ஆள் இடம் தெரியாமல் பிதற்றுவது ஆகியவையும் காத்திருக்கக் கூடாதவை. கடைசியாகச் சொன்னதை ‘வயதாகிவிட்டது’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள்; சிறுநீர்த் தொற்று, உப்புச் சத்துக் குறைவு, மருந்தின் விளைவு என்று சரிசெய்யக்கூடிய காரணம் ஏதாவது பெரும்பாலும் பின்னால் இருக்கும்.

அறுவை சிகிச்சை செய்தவருக்குக் காயத்தில் சீழ், பரவும் சிவப்பு, 100.4 பாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது ஆகியவற்றைக் கவனிக்கவேண்டும். பைபாஸ் செய்தவர் நெஞ்செலும்பு கூடும்வரை, ஏறத்தாழ மூன்று மாதம், கனமானது எதையும் தூக்கக்கூடாது. நிரம்பிய கேஸ் சிலிண்டர் ஏறத்தாழ 30 கிலோ. பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அதைத் தூக்கிவிடுவார். எனவே சிலிண்டர் எப்போது மாறும் என்று முன்பே கணக்கிட்டு ஆள் ஏற்பாடு செய்யுங்கள்.

பாலிகிளினிக்கும் காகிதங்களும்

முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். 2003 ஏப்ரல் 1 அன்று தொடங்கியது. ஓய்வூதியம் பெறும் படைவீரரும் அவர் மனைவியும், அவர் மறைவுக்குப் பின் குடும்ப ஓய்வூதியம் பெறும் மனைவியும் இதில் உறுப்பினராகலாம். நடைமுறை இதுதான்: முதலில் பாலிகிளினிக், அங்கிருந்து ரெஃபரல் என்ற பரிந்துரைச் சீட்டு, அதைக்கொண்டு அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் பணம் கட்டாத சிகிச்சை.

வீடு திரும்பிய ஒரு வாரத்துக்குள் சம்மரியின் நகலோடு பாலிகிளினிக்குக்குப் போகவேண்டும். மருத்துவமனையில் என்ன நடந்தது என்று பாலிகிளினிக் மருத்துவருக்குத் தானாகத் தெரிந்திருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். மறுபரிசோதனைத் தேதிக்கு முன் பழைய ரெஃபரல் இன்னும் செல்லுமா, புதிதாக வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவமனைக் கவுன்டரில் போய் நின்றபின் தெரிந்தால் ஒரு நாளும், கார் வாடகையும், அவருடைய பொறுமையும் வீணாகும். மிக முதியவர்களுக்குச் சில விலக்குகள் உண்டு, அவற்றையும் கேளுங்கள். மருந்து இருப்பில் இல்லை என்றால் வெறுங்கையோடு திரும்பாமல், இல்லை என்பதைச் சீட்டில் எழுதிக் கையொப்பமும் முத்திரையும் வாங்கவேண்டும். அதில்லாமல் வெளியில் வாங்கிய மருந்துக்குப் பணம் திரும்பக் கேட்பது கடினம்.

உயிர் போகும் அவசரத்தில் ரெஃபரல் தேவையில்லை. அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனை என்றால் அட்டையைக் காட்டிச் சேர்க்கலாம். தகவல் தெரிவிப்பது மருத்துவமனையின் பொறுப்பு. அங்கீகாரம் இல்லாத மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள பாலிகிளினிக்குக்கு நாம் தெரிவிக்கவேண்டும். பணத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் திட்டத்தின் விகிதப்படி திரும்பக் கோரவேண்டும். அவசரச் சான்று, எல்லா பில்களின் அசல், சம்மரி ஆகியவற்றை அன்றே வாங்கி ஒரே உறையில் போட்டுவையுங்கள்.

ஓய்வூதியம் இல்லாமல் படையைவிட்டு வந்தவர்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மருத்துவ உதவித்தொகை பற்றிக் கேட்கவேண்டும். முழு ஊனத்துக்காக ஊனமுற்றோர் ஓய்வூதியம் பெறுபவருக்கு எப்போதும் ஆள் துணை வேண்டியிருந்தால், அதற்கென்று தனிப் படி உண்டு. பல குடும்பங்களுக்கு அது தெரிவதில்லை. ஆண்டு உயிர்வாழ் சான்று கொடுக்கும் காலத்தில் படுக்கையில் இருந்தால், அஞ்சல் வங்கியின் மூலம் தபால்காரர் வீட்டுக்கே வந்து கைரேகை எடுப்பார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைப் பயிற்சியும் வீட்டிலேயே கிடைக்கும், இ.சி.எச்.எஸ். இருப்பதால் அதைக் கேட்கக்கூடாது என்று நினைக்கவேண்டியதில்லை. முதியோர் உதவி எண் 14567.

கேன்டீன் பாட்டில்

இதைப் பேசத் தயங்குகிறோம், பேசியாகவேண்டும். ராணுவக் கேன்டீனில் மாதாந்திர ஒதுக்கீட்டில் கிடைக்கும் ரம் பல வீடுகளில் மாலை வழக்கமாக இருக்கிறது. குளிர்மலைகளில் இருந்தபோது தொடங்கிய பழக்கம் என்பார்கள். மருத்துவர் கேட்டால் ‘எப்போதாவது’ என்றுதான் சொல்வார். பக்கத்தில் மகள் இருந்தால் அதையும் சொல்லமாட்டார்.

அவரைத் தனியே மருத்துவரிடம் விட்டு வெளியே வாருங்கள். தினமும் நிறையக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் சில நாள்களில் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, வலிப்பு, பிதற்றல் வரக்கூடும், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே நிறுத்துவதும் மருத்துவர் மேற்பார்வையில் நடக்கவேண்டும். மருத்துவமனையில் பத்து நாள் குடிக்காமல் இருந்தவர் வீட்டுக்கு வந்தபின் பழைய அளவைத் தொடங்கினால், தூக்க மாத்திரையோடு சேர்ந்து மூச்சைக் குறைக்கும். சர்க்கரை மருந்தோடு சேர்ந்து இரவில் சர்க்கரையை இறக்கும். இரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்தின் அளவைக் குழப்பும். பாட்டிலை ஒளித்து வைப்பதால் பயனில்லை, நண்பர் வீட்டில் குடிப்பார். எந்த மாத்திரையோடு எது சேர்ந்தால் என்ன ஆகும் என்று மருத்துவர் வாயால் நேரே கேட்டவர்கள், தாங்களாகவே கேன்டீன் அட்டையை மனைவியிடம் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். கேட்டும் விடாதவர்களும் உண்டு. அவர்களுக்கு மனநல மருத்துவரின் உதவி தேவை. பாலிகிளினிக்கிலேயே அதற்கு ரெஃபரல் கேட்கலாம்.

வீடும் இரவும்

கட்டிலுக்கும் கழிவறைக்கும் இடையே இரவு விளக்கு, கழிவறைச் சுவரில் கைப்பிடி, வழுக்காத பாய், கணுக்காலுக்கு மேலே நிற்கும்படி கட்டிய கைலி ஆகியவை போதும். படுக்கையிலிருந்து எழும்போது ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, பிறகு நிற்கவேண்டும். நடைப்பயிற்சியைத் தொடங்கச் சொன்னால் முதல் நாளே மைதானத்தை நான்கு சுற்றுச் சுற்றிவிடுவார். ஆகவே ‘நட’ என்று சொல்லாமல், இன்று 5 நிமிடம், மூன்று நாள் கழித்து 10 நிமிடம் என்று உத்தரவுபோல நோட்டில் எழுதுங்கள்.

சிலருக்கு இரவில் பழைய கனவுகள் திரும்பும். மருத்துவமனை வெளிச்சமும் குழாய்களும் மயக்க மருந்தும் முப்பது வருடம் மூடிக்கிடந்ததைக் கிளறிவிடும். தூக்கத்தில் கத்துபவரைத் தொட்டு எழுப்பாமல், கட்டிலிலிருந்து தள்ளி நின்று பெயர் சொல்லி அழையுங்கள். பகலில் கதையாகச் சொல்ல வந்தால் கேளுங்கள், நீங்களாகத் தோண்டாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாட்டிலும் ஆள்களிலும் பிடிப்பில்லாமல் இருந்தாலோ, தான் இருப்பதே சுமை என்று பேசினாலோ, அதைக் களைப்பு என்று எண்ணாமல் மருத்துவரிடம் அழைத்துப்போகவேண்டும். வீட்டில் துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவரானால் அதை அன்றே வேறிடத்தில் ஒப்படைக்க ஏற்பாடு செய்யுங்கள்.

அவர் மனைவியையும் கவனியுங்கள். கணவர் எல்லையில் இருந்த காலமெல்லாம் தனியாக வீட்டை நடத்தியவர் அவர். இப்போது தம் இரத்த அழுத்த மாத்திரையை மறந்துவிட்டு இவருக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருப்பார். அவருக்கும் ஒரு நோட்டுப் போடுங்கள்.

விலகிக்கொள்வது

முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் நேரில், இரண்டாம் மூன்றாம் வாரங்களில் ஒருமுறை நேரில் ஒருமுறை தொலைபேசியில், நான்காம் வாரம் தொலைபேசியில் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வாரத்திலிருந்து பாலிகிளினிக்குக்கு அவரே பேசட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் ஏதாவது விட்டுவிட்டால் நோட்டில் அந்த வரியை விரலால் காட்டுங்கள், வாயைத் திறக்காதீர்கள். தனியாக வாழ்பவர், மறதி நோய் உள்ளவர், கண் தெரியாதவர் ஆகியோருக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அவர்களுக்கு யார் எந்த வேலையை நிரந்தரமாக எடுத்துக்கொள்வது என்று குடும்பம் உட்கார்ந்து பேசி, அதை அவர் முன்னிலையில் எழுதவேண்டும்.

அப்பாவின் இரண்டாவது முப்பது நாள் முடிந்தபோது நான் ஊரில் இல்லை. எடை இரண்டு நாளில் ஒன்றரைக் கிலோ ஏறியிருந்ததைப் பார்த்து, எனக்குச் சொல்லாமலே பாலிகிளினிக்கை அழைத்து, மூன்று நாளின் அளவுகளையும் படித்துக்காட்டி, அன்று பிற்பகலே போய் மருத்துவரைப் பார்த்து, நீர் மாத்திரையின் அளவை அவர் சொன்னபடி மாற்றிக்கொண்டு திரும்பியிருக்கிறார். மறுநாள் காலை பேசியபோது, தோட்டத்து முருங்கை பூத்திருக்கிறது என்றுதான் முதலில் சொன்னார். இதை நான் எடையைக் கேட்ட பிறகுதான் சொன்னார்.